முதுகு காட்டிய மலை

ஜூன் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டிக்கடை திறப்பதற்கும் முதல் பேருந்து வருவதற்கும் இடையில், ஏட்டிஸ்டாக் மலை ஹின்டராவ் ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. எந்த வீட்டு அலமாரியிலிருந்தும் ஒரு தட்டுகூட விழவில்லை. தேவாலய மணியை அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது, பனி மூடிய நெற்றியும் மூக்குமாக ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த மலை இருந்த இடத்தில், சரளைக்கல் சரிந்த பழுப்பு முதுகு ஒன்று இருந்தது. தோள்களுக்கு நடுவே ஒரு பள்ளம். அதற்குக் கீழே, சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு பிளவு. அவர் மணியை முறையாக அடித்து முடித்துவிட்டுத்தான் சொல்லப் போனார்.

ஊரின் விடுதிகள் எல்லாம் மலையின் முகத்தைப் பார்த்துக் கட்டியவை. தேனிலவுக்கு வந்த ஜோடிகள் பால்கனிக் கதவைத் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். மலைக்கு முன்னால் ஆட வந்திருந்த இந்தியப் படக்குழு, நடிகைக்குக் குளிர்சட்டை போர்த்தி அடுத்த பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போய்விட்டது. நகரத்திலிருந்து வந்த நிலவியல் அறிஞர்கள் கருவிகளை வைத்து அளந்தார்கள். மலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது என்று சொன்னார்கள். உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரிய விடுதிக்கும் பயணிகளை மேலே ஏற்றிச்செல்லும் கம்பிவண்டிக்கும் சொந்தக்காரர், ஊர்த்தலைவரும் அவரே, அம்ப்ரோஸ் ஹெர்கர், மலையின் முகத்தைத் திரைச்சீலையில் வரையச் சொல்லி முதுகின்மேல் தொங்கவிட்டார். முதல் காற்றிலேயே அது பறந்துபோய் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டது.

காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மலைகளில் கோடைக்கு மாடு மேய்க்க ஏறுகிறவர்கள், இருட்டும் நேரத்தில் பால் வடிகட்டும் மரப்புனலை வாயில் வைத்து, புனிதர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குரல் எட்டும் தூரம்வரை மாட்டுக்கும் மனிதருக்கும் அந்த இரவு காவல். ஏட்டிஸ்டாக் மேய்ச்சலில் கூப்பிடுகிறவன் மெல்க் இம்ஹோல்ஸ். அதைக் கேட்கவென்றே மேலே வரும் பயணிகள் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டுமே என்று ஹெர்கர் சொல்லப்போக, மெல்க் கூப்பிடும் நேரத்தைப் பிற்பகல் நான்கு மணிக்கு மாற்றினான். கைதட்டல் கிடைத்தது. அடுத்த வருடம், பயணிகளுக்குக் கால் வலிக்கிறதென்று பாதிப் புனிதர்களை விட்டுவிட்டான். நட்டநடு வெயிலில் நின்றுகொண்டு இருட்டிலிருந்து காப்பாற்று என்று கேட்டால் எந்த மலைக்குத்தான் பொறுக்கும்? அதுவும் சில வருடங்கள் பொறுத்துத்தான் பார்த்தது.

மெல்க்கின் அக்கா ஆகத்தா அதே மேய்ச்சலில் பாலாடைக்கட்டி செய்கிறவள். இது ஆகாது என்று அன்றைக்கே சொன்னவளும் அவள்தான். இப்போது ஊர்க்கூட்டத்தில் ஹெர்கர், முகம் இல்லாத மலைக்கு யாரும் வரமாட்டார்கள், மேய்ச்சலில் பயணிகள் சறுக்கி விளையாட இரும்புச் சறுக்குப்பாதை போடலாம், மாடுகளை விற்றுவிடலாம் என்றபோது ஆகத்தா எழுந்து நின்றாள். அந்த மாடுகளையும் அந்தக் குடிசையையும் தவிர அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை.

"கோடை முடிஞ்சு மாடு கீழ எறங்குற வரைக்கும் விடு, அம்ப்ரோஸ். அதுக்குள்ள நான் மலையைத் திருப்புறேன்."

"பொம்பள கூப்பிட்டா மலை திரும்புமாக்கும்?"

"ஆம்பள கூப்பிட்டுத்தானே திரும்பிக்கிச்சு!"

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் ஹெர்கர் ஒப்புக்கொண்டார். மெல்க் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் புனலை நீட்டினான்.

அன்றிலிருந்து, எதிர்மேட்டில் கடைசி வெளிச்சம் அணைந்ததும் ஆகத்தா பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டாள். ஒரு புனிதரையும் விடவில்லை. ஜூலையில் ஆலங்கட்டி அடித்தது, வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூப்பிட்டாள். ஆகஸ்டில் மூடுபனியில் தன் கையே தெரியாதபோதும் கூப்பிட்டாள். முதுகு அசையவில்லை. கம்பிவண்டி ஓட்டுகிறவன் போகிறபோக்கில் சன்னலைத் திறந்து, "என்ன ஆகத்தா, இன்னிக்காவது காதக் குடுத்துச்சா?" என்பான். "ஒன் காலி வண்டியப் பாத்து ஓட்டுடா," என்பாள். ஆனால் குடிசைக்குள் போனதும் பயம் வரும். தம்பி செய்ததற்குத் தன் மாடுகள் போவதா என்று ஆத்திரமும் வரும். மறுநாள் இருட்டியதும் மறுபடி பாறைமேல் நிற்பாள்.

செப்டம்பரில் குரல் உடைந்தது. முதலில் கரகரப்பு, பிறகு விசில், பிறகு வெறும் காற்று. மாடுகள் இறங்குவதற்கு முந்தின மாலை ஹெர்கர் மேலே வந்து, சறுக்குப்பாதைக்கு அடையாளக் குச்சிகளை அடித்துவிட்டு, குடிசை வாசலில் தொப்பியோடு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையா இது? அத்தனை கட்டிலும் காலியாக் கெடக்கு. விட்ரு ஆகத்தா, ஒன்னால முடிஞ்சதச் செஞ்சிட்ட."

ஆகத்தா உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். பாறைமேல் ஏறி, புனலை வாயில் வைத்தாள். வாசலில் இருந்தவருக்கே கேட்காத மூச்சுதான் வந்தது. அவள் நிறுத்தவில்லை. அந்த மூச்சிலேயே ஒவ்வொரு பேராகச் சொன்னாள். மந்தைகளைக் காக்கும் வெண்டெலினின் பேர் வந்தபோது, அடித்த குச்சிகள் ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து கழன்று சாய்ந்தன. பிறகு, காது மந்தமானவர் மெல்லப் பேசுகிறவரின் பக்கம் சாய்வதுபோல, ஏட்டிஸ்டாக் தோளைத் திருப்பியது, காதைத் திருப்பியது, கடைசியில் அந்தப் பெரிய வெள்ளை முகத்தைத் திருப்பிக் குடிசையின் பக்கம் குனிந்தது. மாடுகள் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்கின. ஹெர்கர் தொப்பியைக் கழற்றினார். ஆகத்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மீதிப் பேர்களையும் சொல்லி முடித்தாள். பாதியில் விட்டதால்தானே இத்தனையும்.

விடிந்தபோது மலை மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஹெர்கர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அய்யோ, பழையபடி திரும்பிக்கிச்சே!"

"நாள் பூரா ஒன்னையே பாத்துட்டு இருக்கணுமா அது?" ஆகத்தா காற்றுக்குரலில் சொன்னாள். "சாயங்காலம் கூப்பிட்டா வரும்."

வந்தது. சறுக்குப்பாதைக் குச்சிகள் அவள் தோட்டத்தில் அவரைக்கொடிக்குப் பந்தலாயின. இருட்டும்வரை மலையின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால் பயணிகள் இரவு தங்கியே ஆகவேண்டியிருந்தது. கட்டில்கள் நிரம்பின, கடைசி வண்டியை நிறுத்திவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் பேருந்து நேரத்துக்குக் கீழே மலை திரும்பும் நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்த நேரத்தில் ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, மெல்க் உட்பட. இந்தியப் படக்குழு திரும்பி வந்து, பாட்டின் ஒலியைத் தணித்து வைத்து ஆடிவிட்டுப் போனது. ஆகத்தாவின் குரல் திரும்பவே இல்லை. அதைப்பற்றி அவளும் கவலைப்படவில்லை. தினமும் கூப்பிட்டு முடித்துப் புனலை ஆணியில் மாட்டுவாள். காலையில் எடுத்து, வெந்நீரில் கழுவி, கறந்த பாலை அதில் ஊற்றி வடிகட்டுவாள்.