வெய் ஷுவான் கொண்டுவந்த தூடோங்

ஜமாலியா டீச்சரை ஈப்போ பாலர்பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் மன்வீர்.

"இன்னைக்கும் என் புள்ள அழுதுட்டு வந்தான்னா, திங்கக்கிழமை வேற ஸ்கூல்தான் டீச்சர். 'வெங்காயம் வெங்காயம்'னு கூப்பிடுறாங்களாம். முடியை வெட்டிவிடுன்னு வீட்ல அவன் ஒரே ரகளை."

அருகே தலை குனிந்து நின்றான் ஹர்ஜஸ். உச்சிக்கொண்டையை மூடி இறுக்கிக் கட்டிய, சீக்கியச் சிறுவர்களின் நீலப் பட்கா.

அவனுக்காகத்தான் ஜமாலியா இன்றைய பாடத்தையே வைத்திருந்தாள். தொழவும் கும்பிடவும் போகிறவர்கள் தலையில் அணிவதில் ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பிள்ளைகளும் கொண்டுவந்திருந்தார்கள். இர்ஃபான் தன் அப்பாவின் சொங்கோக் தொப்பிக்குள் பிஸ்கட்டைக் கொட்டி வைத்திருந்தான். கிளாரிஸா தேவாலயத்துக்குப் போடும் வெள்ளை முக்காட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"வெய் ஷுவான், உன்னைத் தூடோங்தானே கொண்டுவரச் சொன்னேன்?"

அவன் பெருமையாக எழுந்து நின்றான். தலையில் கவிழ்ந்திருந்தது, சாப்பாட்டு மேசையில் ஈ மொய்க்காமல் மூடி வைக்கும் பெரிய பின்னல் கூடை. மலாயில் அதற்கும் தூடோங் என்றுதான் பெயர்.

"டேய்! நான் தலையில கட்டியிருக்கேனே, இந்த முக்காட்டுத் துணிடா தூடோங்!"

"எங்க வீட்ல இந்தத் தூடோங்தான் இருக்கு டீச்சர்."

வகுப்பே உருண்டு சிரித்தது. இதைத் தயார் செய்ய ஒரு வாரம் பாடுபட்டேனே என்று ஜமாலியாவுக்கு அழுகையே வந்தது.

"உள்ள என்னடா இருக்கு?" என்றான் இர்ஃபான்.

"ஒண்ணுமில்ல. பொரிச்ச மீன் வாசனைதான்." கூடைக்குள்ளிருந்து வெய் ஷுவானின் குரல் வந்தது. "ஹர்ஜஸ், உன்னோடதுக்குள்ள என்ன இருக்கு?"

ஜமாலியா பேச்சை மாற்றப் போனாள்.

ஹர்ஜஸ் மெல்ல நிமிர்ந்தான். "முடி. இங்க வரைக்கும் இருக்கும்," என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினான். "பொறந்ததுலேர்ந்து வெட்டினதே இல்ல. கடவுள் குடுத்தது, வெட்டக் கூடாது. மம்மிதான் தெனமும் சீவிக் கட்டுவாங்க."

"அம்மாடி! எங்க அக்காவுக்குக்கூட அவ்ளோ இல்ல!" வெய் ஷுவான் கூடையைத் தூக்கிப் பார்த்தான். "அப்ப வெங்காயம் இல்லையா?"

"நீதான்டா பொரிச்ச மீனு!"

சொல்லிவிட்டு ஹர்ஜஸே சிரித்துவிட்டான்.

"டீச்சர், உங்களோடதுக்குள்ள?" என்றாள் கிளாரிஸா.

"தலைவலி!"

மதியம் மன்வீர் வந்ததும் ஹர்ஜஸ் ஓடிப்போய்ச் சொன்னான். "மம்மி, திங்கக்கிழமை செவப்பு பட்கா கட்டிவிடு. வெய் ஷுவான் பாக்கணுமாம்."

மன்வீர் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரோ வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"டேய் வெய் ஷுவான்! உன் தூடோங்கை எடுத்துட்டுப் போடா!"