மூன்றாவது ராடு

எழுபத்தெட்டாம் வருஷத்து ஆவணி அமாவாசை. தறிக்காரர்களுக்கு லீவு. மெக்கானிக் ஏசுதாஸின் ஷெட்டுக்கு இரண்டு பக்கமும் மற்ற நாளில் சத்தம் ஓயாத தறி வீடுகள். ஒரு இன்ஜினைக் காதால் பார்க்க ஆரணியில் அவனுக்கு வேறு நாள் உதவாது.

அன்று கூடியிருந்தவர்கள் இவர்கள். ரிப்பேருக்கு வந்த வண்டியின் சொந்தக்காரர், பட்டு வியாபாரி சக்கரவர்த்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த இரும்பு நாற்காலியில், வாசலை அடைத்தாற்போல. அவர் கடை எழுத்தர் சடையப்பன் காலி பேட்டரிப் பெட்டிமேல், மடியில் எழுது பலகையும் காகிதமுமாக. பக்கத்து வீட்டு நெசவாளி சின்னப்பையன், வேடிக்கை பார்க்க, டயர்மேல். டிரைவர் தணிகாசலம் பிக்கப் வண்டியின் படியில், உட்காருவதும் எழுவதுமாக. ஏசுதாஸ் மட்டும் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றிருந்தான்.

தணிகாசலத்துக்கு அரசு பஸ்ஸில் டிரைவர் வேலை வந்திருந்தது. வண்டியை ஒழுங்காக வைத்திருந்தானா என்று முதலாளியிடம் கடிதம் கேட்டிருந்தார்கள். அன்று மூன்று மணித் தபாலில் போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லி அவனைச் சேர்த்துக்கொண்டவர் சக்கரவர்த்தி. ஏழு வருஷம் ஆகிறது. இப்போதும் விட மனமில்லை. இரண்டு வாரமாக இன்ஜினில் கேட்ட டொக்கு டொக்கு சத்தம் அவருக்கு நல்ல சாக்காகிவிட்டது.

ஏசுதாஸ் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டான். பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். முதலாவதில் மாற்றமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைக் கழற்றியதும், தொண்டையைப் பிடித்தாற்போல சத்தம் அமுங்கியது.

"பிஸ்டனைத் தள்ளுற மூணாவது ராடுங்க. பேரிங் போயிருக்குது."

"அது எப்பிடிப்பா போவும்?"

"ஆயில் போவலன்னா போவும்ங்க."

"கேட்டுக்கினியா சடையப்பா. ஆயில் பாக்காம ஓட்டிகினு இருந்திருக்கான்."

"ஆயில் குச்சியை எடுத்துப் பாக்காம நான் சாவி போட்டதே இல்லீங்க," என்றான் தணிகாசலம். "இப்பவும் ஃபுல்லா கீது, பாருங்க."

"நேத்து ஊத்தியிருப்பே."

"பொண்டாட்டி மூஞ்சியைக்கூட அவன் தெனம் பாக்கறதில்ல, முதலாளி. குச்சியைத்தான் பாக்கறான்," என்றான் சின்னப்பையன். சடையப்பன் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

ஏசுதாஸ் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போனான். ஆயிலை வடித்து, தொட்டியை இறக்கி, மூன்றாவது ராடின் மூடியைக் கழற்றினான். பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருந்தது. ஷாப்டில் எண்ணெய் வரும் துளையைக் கம்பியால் குத்தினான். ஊறிப்போன அட்டைத் துணுக்கு ஒன்று வந்தது. அதன் ஒரு ஓரம் பிறை மாதிரி, சுத்தமாக வெட்டினாற்போல வளைந்திருந்தது.

அந்த வளைவு எதன் துளை என்று அவனுக்குத் தெரியும்.

போன மாசி மாதம், முகூர்த்தச் சரக்கு காத்திருக்கிறது, ஜல்தி ஜல்தி என்று முதலாளி குதித்தார். ஆயில் பம்பின் இணைப்பில் கசியாமல் வைக்கிற பேக்கிங் காகிதம் ஊரில் கிடைக்கவில்லை. சின்னப்பையன் வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த, சேலைக்குப் பூ எடுக்கத் துளையிட்ட ஜக்கார்டு அட்டை ஒன்றை வாங்கிவந்து, துளை குறைந்த இடமாகப் பார்த்து வெட்டி வைத்தான். ஏர் கிளீனருக்கு எத்தனையோ முறை வைத்து நின்றிருந்தது. கொதிக்கிற எண்ணெயில் அது கூழாகும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இன்ஜின் மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நாலு ஜோடிக் கால்கள். துணுக்கை வேறு யாரும் பார்க்கவில்லை. ஷெட் நிற்பது சக்கரவர்த்தியின் மனையில். இருக்கிற பெயரெல்லாம் இந்தக் காதுக்கும் கைக்கும் வந்த பெயர். அவன் துணுக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேரிங்கை மட்டும் வெளியே நீட்டினான்.

"பாத்தியா, எப்பிடித் தேய்ச்சிருக்கான். எழுது சடையப்பா. மேற்படி நபர் எண்ணெய் கவனியாமல் ஓட்டியதில் இன்ஜின் பழுதாகி..."

பேனா காகிதத்தில் கீறும் சத்தம் வந்தது. தறி இல்லாத அந்தத் தெருவில் அது நன்றாகவே கேட்டது.

தணிகாசலம் குனிந்து வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தான். "ஏசண்ணே, உன் காது தப்பாதுன்னு ஊரே சொல்லுது. இது நான் கெடுத்த சத்தமா? அத்த மட்டும் சொல்லிடு."

அவன் கண்ணைப் பார்க்காமல் இருக்க ஏசுதாஸுக்கு அங்கே திரும்பிப் படுக்க இடமில்லை. பையில் கைவிட்டு, துணுக்கை எடுத்து, உள்ளங்கையில் வைத்து வெளியே நீட்டினான்.

"இன்னாது இது?" என்றார் சக்கரவர்த்தி.

"ஜக்கார்டு அட்டைங்க. ஆயில் வழியை அடைச்சிருக்குது. பம்புக்கு நான் வெச்சது. இவன் மேல தப்பு இல்ல."

சின்னப்பையன் டயரிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். "மாசியில எங்கிட்ட வாங்கிகினு போனியே, அதுவா? சேலைக்கு மயில் எடுக்கறத எடுத்து இன்ஜினுக்கா வெச்ச?"

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

"அந்தத் தாளைக் கிழி சடையப்பா. வண்டியை நல்லபடி வெச்சிருந்தான்னு எழுது," என்றார் சக்கரவர்த்தி. கையெழுத்துப் போட்ட பிறகு காலை நீட்டி வண்டி டயரை லேசாகத் தட்டினார். "ஏசுதாஸ், உனக்கு லைசென்ஸ் கீதுல்ல?"

"கீதுங்க."

"அப்ப வண்டியை ரெடி பண்ணு. என் டிரைவரை நீதான அனுப்பி வெச்ச, சரக்கு ஏத்திகினு காஞ்சிபுரத்துக்கு இனிமே நீயே ஓட்டு. ஷெட்டை சாயந்திரத்துல தொறந்துக்கோ."

"எத்தினி நாளைக்குங்க?"

"வேற ஆள் கெடைக்கிற வரைக்கும்."

தணிகாசலத்தின் கால்கள் ஏசுதாஸ் பக்கம் திரும்பின. திரும்பியபடியே நின்றன.

சடையப்பன் கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து, எழுது பலகையில் வைத்து உள்ளங்கையால் நாலு முறை அழுத்தித் தேய்த்தார். சைக்கிள் ஸ்டாண்டை யாரோ தட்டினார்கள். தபாலாபீஸ் பக்கம் போகிற அந்தச் சைக்கிளில் மட்கார்டு நட்டு ஒன்று லூஸ். தெருமுனை திரும்பும் வரை ஏசுதாஸ் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தான்.