ஆயிரத்து ஒன்பதாவது கல்

சுரங்க விபத்தில் செத்தவர்களுக்கு நினைவுச் சுவர் எழுப்பும் வேலை கொத்தனாரிடம் வந்தபோது கணக்கு ஆயிரத்தெட்டு. ஆளுக்கொரு கல், கல்லில் பெயர். இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு. பிசிறில்லாமல் பொருந்தியது. பூசுவதற்கு முன்னால் கற்களை வெறுந்தரையில் பரப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். பரப்பி முடித்த அன்றுதான், அதே விபத்தில் நெஞ்சு நிறையப் புகை குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய தம்பி மூச்சை விட்டான்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அவர் கையில் தம்பியின் கல் இருந்தது. வைக்கத்தான் இடமில்லை. வரிசையைக் கூட்டினார், குறைத்தார். ஏழேழாக வைத்தால் ஒன்று மிச்சம். ஒன்பதிலும் மிச்சம், பன்னிரண்டிலும் மிச்சம். கடைசியாகக் கையில் எடுப்பது தம்பியை என்பதால், மிஞ்சுவதும் ஒவ்வொரு தடவையும் அவன்தான்.

"விடுங்கண்ணே, ஆயிரத்தொன்பது பகா எண்," என்றார் வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியர்.

"புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"ஒத்தப்படை, அதனால ரெண்டுல போகாது. இலக்கத்தைக் கூட்டினா பத்து, மூணுலயும் போகாது. பதினொண்ணுல எட்டு மிஞ்சுது, பத்தொன்பதுல ரெண்டு. முப்பத்தொண்ணு வரைக்கும் பாத்துட்டேன்."

"அதுக்கு மேல?"

"முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு வச்சாலே கணக்கைத் தாண்டிடுது. மேல தேடுறது வீண். நீங்க தலைகீழா நின்னாலும் சமமா வராது. பேசாம வெறுங்கல் முப்பத்தஞ்சு சேர்த்து இன்னொரு வரிசை போடுங்க."

கல்லைப் பார்க்க வந்திருந்த தம்பி மனைவி குறுக்கிட்டாள்.

"வேணாம் சார். இன்னும் ஆளுங்க குழிக்குள்ள இறங்கறாங்க. பேரில்லாத கல்லு யாருக்குன்னு தினம் பாத்துட்டா போவாங்க?"

இன்ஜினியர் முகம் சுருங்கியது. "அப்ப இவரு கல்லை மட்டும் வாசல்ல தனியா..."

"கூட்டாளிங்களோடதானே இறங்கினாரு. தனியா எதுக்கு?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? இது ஆயிரத்தொன்பதால போகும், ஒண்ணால போகும். வேற எதுலயும் போகாது."

கொத்தனார் நிமிர்ந்தார். "ஒண்ணால போகுமா?"

"போகும். ஒரே வரிசை. எங்க வைப்பீங்க, ஊரைச் சுத்தியா?"

"குழியைச் சுத்தி மதில் இருக்கே சார்."

இன்ஜினியர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். மதிலோரமாக நடந்து போய் வளைவில் மறைந்து, நெடுநேரம் கழித்து மறுபக்கமாக வந்தார்.

"இடம் பத்தும். ஆனா மேலிடத்துல என்னைக் கிழிச்சிடுவாங்க."

"கிழிச்சா தச்சுக்கலாம் சார். கலவை போடச் சொல்றேன்."

இன்ஜினியர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நூல் கட்டி, மட்டம் பார்த்து, முதல் கல்லைப் பதித்தார் கொத்தனார். தம்பி மனைவி கணவனின் கல்லை மடியில் வைத்துக்கொண்டு மதிலடியில் உட்கார்ந்தாள்.

"கீழ வைம்மா. இது முடிய நாளாகும்."

"ஆகட்டும் மாமா."

மறுநாளும் வந்தாள். வரிசை நகர நகர, கல்லைத் தூக்கிக்கொண்டு அவளும் நகர்ந்து உட்கார்ந்தாள்.