கிடாவுக்கும் ஒரு தலை

கிடாவுக்கும் ஒரு தலை போட்டிருந்தார் சின்னராஜ். தண்ணீர்க் காசு தலைக்கு இரண்டு ரூபாய் என்பது அவருடைய லைன் வீடுகளின் சட்டம். முனிலட்சுமி, அவள் புருஷன் கோவிந்தப்பன், ஆறு வயது மகள் காவேரி, ஆக மூன்று தலை. சீட்டிலோ நான்கு என்று எழுதியிருந்தது.

"நாலாவது யாருங்கண்ணா?" என்று கேட்டாள் முனிலட்சுமி.

"அதோ, வாசல்ல நின்னு மென்னுக்கிட்டு இருக்குதே, அதான். அது தண்ணி குடிக்கறது இல்லியா?"

சின்னராஜுக்கு அந்த 'அண்ணா' பிடிக்காது. முனிலட்சுமியின் அப்பா உத்தனப்பள்ளிப் பக்கத்துக் காடுகளில் களை வெட்டியவர். சின்னராஜைப் போன்றவர்களைச் 'சாமி' என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டினார். மகள் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் செய்கிறாள், அண்ணா என்கிறாள். அவருக்கு அது செருப்புக்குள் கிடக்கும் கல்.

எண்பத்தெட்டாம் வருஷம் மூக்கண்டப்பள்ளியில் வீடு கிடைப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. கேழ்வரகு விளைந்த நிலத்திலெல்லாம் கம்பெனி வந்துவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் சின்னராஜ் மாதிரி ஆட்கள் வரிசையாக அறைகளைக் கட்டி, சுண்ணாம்பு காய்வதற்குள் ஆள் பிடித்தார்கள். வீடு கேட்டுப் போனால் எந்த ஊர் என்று கேட்பார்கள். பிறகு எந்தத் தெரு என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு, அடடா, வீட்டை நேற்றே பேசி முடித்துவிட்டோமே என்பார்கள். சின்னராஜ் மட்டும்தான் தெருவைத் தெரிந்துகொண்ட பின்னும் வீடு கொடுத்தார். தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு மாத அட்வான்ஸ் கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது, ஹீட்டர் கூடாது, நாய் கூடாது, கோழி கூடாது. கிடாவும் கூடாது என்றுதான் சொல்ல வந்தார். முனிலட்சுமி முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். போன ஐப்பசியில் காவேரி டைபாய்டு வந்து பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். ஊரில் அவர்கள் தெரு மாரியம்மனிடம் போய், பிள்ளையை எழுப்பிக் கொடு, சித்திரைத் திருவிழாவில் உனக்குக் கிடா கொடுக்கிறேன் என்று முனிலட்சுமி நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. குட்டி வாங்கி, இடது காது நுனியை வெட்டி, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி விட்டார்கள். நேர்ந்தவள் கையாலேயேதான் அதற்குத் தீனி போட வேண்டும். இன்னொருத்தர் வீட்டில் விடக் கூடாது, விற்கக் கூடாது. அது அவர்கள் தெரு வழக்கம்.

"சித்திரை வரைக்கும்தானே, இருந்துட்டுப் போவட்டும்," என்றார் சின்னராஜ். அப்போதே மனசுக்குள் தலை போட்டுவிட்டார் போலிருக்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவருடைய இரண்டு சீமை மாடுகளும் அதே தொட்டியில்தான் தண்ணீர் குடித்தன. ஒவ்வொன்றும் அண்டா அண்டாவாக உறிஞ்சும். அவற்றுக்குத் தலையே கிடையாது! முனிலட்சுமி எட்டு ரூபாயை எண்ணி வைத்தாள்.

மாட்டுக்கு ஒரு நியாயம் கிடாவுக்கு ஒரு நியாயம் என்றால் கரண்டிலும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். வீட்டுக்கு ஒரு பல்பு. இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வருகிற பில்லை எட்டாகப் பிரித்து சின்னராஜ் வசூல் செய்வார். ஏழாம் வீட்டுத் திம்மப்பன் ஒரு கம்பெனியில் வயர்மேன். அவனைக் கேட்டாள்.

"ஒரு நாப்பது வாட்ஸ் பல்பு விடிய விடிய எரிஞ்சாக்கூட இவ்ளோ வராதுக்கா," என்றான் அவன். "எல்லா வீட்லயும் பியூஸ் கட்டையப் புடுங்கிட்டு மீட்டரப் பாத்தா தெரிஞ்சிடும்."

"அப்ப புடுங்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு வீட்டுப் பியூஸையும் பிடுங்கினார்கள். எல்லோரும் மீட்டர் பெட்டிக்குக் கீழே கழுத்தை அண்ணாந்து நின்றார்கள். உள்ளே இருந்த வட்டத் தகடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. மாவு மில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரம் பக்கத்தில் ஓனர் வீட்டுக்குள் அவர் மனைவி சரோஜம்மாள் மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸிச் சத்தம் நின்றது, தகடு மெதுவானது. மறுபடி சத்தம் வந்தது, தகடு பறந்தது. திம்மப்பன் ஓடிப் போய்ப் பார்த்தான். குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஒயர் இறங்கி ஓனர் வீட்டுக்குள் போயிருந்தது.

"நம்ம காசுல சட்னி அரைக்கறா பாரம்மா!" என்றாள் மூன்றாம் வீட்டு ரங்கம்மா. ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்தவள், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். எல்லோரும் சிரித்தார்கள். முனிலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நேராக ஓனர் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போனாள். மற்ற ஏழு வீடும் பின்னால் வந்தது.

"அண்ணா, எங்க மீட்டர்லருந்து உங்க வூட்டுக்கு ஒயரு போவுது. எத்தினி நாளாப் போவுதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தம்."

சின்னராஜ் ஒயர் பக்கம் திரும்பவே இல்லை. வெற்றிலையை மென்று முடித்தார்.

"லைன்ல ஆடு மாடு வெக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குது. வாசலெல்லாம் புழுக்கை. பொதன்கிழமைக்குள்ள அந்தக் கிடா போவணும். இல்லன்னா நீங்க போங்க."

"நான் கரண்டக் கேட்டன்."

"நான் கிடாவச் சொன்னன்."

முனிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமே இல்லை. திம்மப்பன் தன் வீட்டுப் பியூஸை அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தான். ரங்கம்மா மட்டும் கேட்டருகே நின்று, "ஏன் மாடோதம்மா, என்னா பண்றது, இத வுட்டா எங்க போறது?" என்று முணுமுணுத்துவிட்டு அவளும் உள்ளே போனாள். இதுவரை ஓனர்மேல் மட்டுமே இருந்த கோபம் மற்ற ஏழு வீட்டின்மேலும் பரவியது. முதுகெலும்பை அடகு வைத்துத்தான் வீடு பிடித்தார்களோ என்னவோ!

கோவிந்தப்பன் வார்ப்படக் கம்பெனியில் வேலை முடித்து வந்ததும் எல்லாவற்றையும் கேட்டான். கிடாவை ஊரில் தம்பி வீட்டில் விடலாமே என்றான்.

"என் கையாலதான் தீனி வெப்பன்னு அம்மன்கிட்ட சொல்லியிருக்கறன். பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு தேடப் போனான். அன்றைக்கும் மறுநாளும் நான்கு இடத்தில் கேட்டான். நான்கு இடத்திலும் நேற்றே பேசி முடித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முனிலட்சுமி ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வந்தபோது வாசலில் முளைக்குச்சி மட்டும் இருந்தது. அறுந்த கயிறு பக்கத்தில் கிடந்தது. பேரிகை ஊர்க் கறிக்கடைக்காரனின் டெம்போ வந்ததையும், ஓனர் வீட்டு ஆள் கிடாவைத் தூக்கி ஏற்றியதையும் ரங்கம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

முனிலட்சுமி போய் நின்றதும் சின்னராஜ் நோட்டுகளை நீட்டினார். "பொதன்கிழம வரைக்கும் எதுக்குன்னு வித்துட்டன். அறுத்துகூட முடிச்சிருப்பாங்க. இந்தா புடி."

அவள் கையை நீட்டவில்லை. "காதப் பாத்தியாய்யா?" என்று கத்தினாள். அந்த 'அண்ணா' எங்கேயோ போய்விட்டது. "கழுத்துக் கயித்தப் பாத்தியா? அம்மனுக்கு நேந்ததுன்னு மொத நாளே உன்கிட்ட சொன்னனா இல்லியா?"

"கிடா வெச்சிருக்கறவன் எல்லாம் அம்மனுக்குன்னுதான் சொல்லுவான்."

சத்தம் கேட்டு வெளியே வந்த சரோஜம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "நேந்துவிட்டதா?" என்று கேட்டாள். "எந்த அம்மனுக்கு? எதுக்கு நேந்தது?" காவேரி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முளைக்குச்சிக்குப் பக்கத்தில் பையோடு நின்றிருந்தாள். முனிலட்சுமி கையை நீட்டி மகளைக் காட்டினாள். சரோஜம்மாளுக்கு முகம் வெளுத்துப் போனது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள். சரோஜம்மாள் கையில் ஒரு கயிறு, கயிற்றில் வேறொரு கிடா. போனதைவிடப் பெரியது. கழுத்தில் புதுசாக மஞ்சள் கயிறு. இடது காதில் பிளேடால் அறுத்த இடம் பச்சை ரத்தமாக இருந்தது.

"இதப் புடிச்சுக்கோ முனிலட்சுமி. காதும் வெட்டியாச்சு. ஒண்ணும் நடக்காத மாதிரி வெச்சுக்கலாம்."

"யாரு வெட்டுனது?"

"இவருதான்."

நேர்ந்துகொள்கிறவர்கள் குளித்து, ஈரத் துணியோடு, பிள்ளை பேரைச் சொல்லி வெட்டுகிற காது அது. முனிலட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அறைந்துவிடப் போகிறோம் என்று பயந்து கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் பேசாமலிருந்ததைச் சின்னராஜ் பேரம் என்று நினைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது அதுதானே. "ஒயருதானே உனக்குக் கண்ண உறுத்துது? இப்பவே எடுத்துடறன்," என்றார். திம்மப்பனைக் கூப்பிட்டார். அவன் மெயினை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்தபடி ஒயரை வெட்டினான். எட்டு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். கறுப்பு ஒயர் சுவரிலிருந்து கழன்று விழுந்தது.

"இப்ப சரியா? கிடாவப் புடி."

"ஒயரு எங்ககிட்ட திருடுனது," என்றாள் முனிலட்சுமி. "அத நிறுத்திட்ட, சரி. கிடா எங்ககிட்ட திருடுனது இல்ல. அது அம்மனோடது. அவகிட்ட திருடிட்டு என் கையில குடுத்தா எப்பிடி?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" சின்னராஜின் குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது.

முனிலட்சுமிக்கும் உள்ளூரப் பயம்தான். விடிவதற்குள் நான்கு தரம் எழுந்து காவேரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தாள். ஆனாலும் அந்தக் கயிற்றை வாங்க அவளுக்குக் கை வரவில்லை. வாங்கிவிட்டால் நேற்று நடந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

"சித்திரையில நான் வெறுங்கையோடதான் போவன். கிடா எங்கன்னு பூசாரி கேப்பாரு. இன்னாரு வித்துட்டாருன்னு உன் பேரச் சொல்லிட்டு வருவன். அது வேணாம்னா இந்தக் கிடாவ நீங்களே வளத்து நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க. எங்க ஊருக்கு இல்ல, எங்க தெருவுக்கு. எங்க சனம் நிக்கற எடத்துல நின்னு, நான்தான் எடுத்தன்னு அவகிட்ட சொல்லுங்க."

அது மாதிரித் தெருவுக்குள் சின்னராஜின் வீட்டார் யாரும் எந்தக் காலத்திலும் கால் வைத்ததில்லை. களை வெட்ட ஆள் வேண்டுமென்றாலும் ரோட்டில் நின்றுதான் கூப்பிடுவார்கள்.

"வா போலாம்," என்று சின்னராஜ் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். சரோஜம்மாள் கையை உதறினாள். கயிற்றைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"பஸ்ஸு எது வரைக்கும் போவும்?" என்று கேட்டாள்.

"உத்தனப்பள்ளி வரைக்கும்," என்றாள் முனிலட்சுமி. "அதுக்கப்புறம் நடக்கணும்."