ரோல் முடியட்டும்

எங்கள் டிஷ்யூ ரோலுக்கு நடுவில் அட்டைக்குழல் கிடையாது. இரும்புக் கம்பி மேலேயே பேப்பரைச் சுற்றி, முடிந்ததும் கம்பியை உருவிவிடுவோம். முதல் சில சுற்றுக்குத் தண்ணீர் தெளித்தால்தான் நடு ஓட்டை இறுகி நிற்கும். தெளிப்பது அக்கா, உருவுவது நான். மெஷினை ஓட்டுவது அக்கா புருஷன். அந்த ஆளை மாமா என்று கூப்பிடவே எனக்கு நாக்கு கூசும். மெஷினுக்கு எண்ணெய் போடுவதும் பெண்டாட்டியை அடிப்பதும் அவனுக்கு அன்றாட வேலை.

அன்று காலையிலிருந்தே ரோல்கள் ஓட்டை அமுங்கி அமுங்கி வந்தன. முதலாளி அவனிடம் வந்து, "உன்னால முடியலைன்னா சொல்லு, வேற ஆளைப் போடுறேன்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனார். அவரிடம் பல்லைக் காட்டிய அந்த ஆள், அவர் தலை மறைந்ததும் அக்கா மேல் பாய்ந்தான்.

"தண்ணி தெளிக்கக்கூட துப்பில்லையாடி உனக்கு?"

விட்டான் ஒரு அறை. அக்காவின் தலைக்குல்லா பறந்தது. அவிழ்ந்த பின்னல், சுற்றிக்கொண்டிருந்த ரோலில் போய் விழுந்தது. பேப்பரோடு பேப்பராகத் தலைமுடியும் சுற்றத் தொடங்கியது. கிழட்டு மெஷின், மெதுவாகத்தான் சுற்றும். இல்லையென்றால் தலையே போயிருக்கும். அக்கா கத்தினாள். நெற்றியோரம் தோல் பிய்ந்து, வெள்ளைப் பேப்பர் சிவப்பாகச் சுற்றியது.

"நிறுத்துங்க மாமா!"

நிறுத்தும் பொத்தான் அவன் பக்கம் இருந்தது. அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றான். பாதியில் நிறுத்தினால் அந்த ரோல் குப்பைக்குத்தான்; ரத்தம் பட்டதும் குப்பைதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

"இரு, ரோல் முடியட்டும்" என்றான்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. உருவி வைத்திருந்த கம்பியை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. முழங்காலில் இன்னொன்று போட்டேன், சரிந்தான். பொத்தானைக் குத்தி மெஷினை நிறுத்தினேன். பேப்பர் வெட்டும் கத்தரியால் பின்னலை வெட்டி அக்காவை விடுவித்தேன்.

"ஐயோ, கை போச்சே" என்று அவன் தரையில் கிடந்து அலறினான். அக்கா முகமெல்லாம் ரத்தத்தோடு அவனிடம் தவழ்ந்து போனாள். இவ்வளவுக்கு அப்புறமும் இவன்மேல் பாசமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

அவள் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துத் தரையில் அழுத்தி, அதன்மேல் முழங்காலை ஊன்றினாள்.

"நீ ஒடிச்சது வலது கை" என்றாள். "இவன் என்னை அடிக்கிறது இந்தக் கையாலதான். கம்பியை இப்படிக் கொடு."

கொடுத்தேன்.