சுல்மீராவின் நெஞ்சில் ஊதிய சங்கு

ஆலையை மூடிய மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஆலைச் சங்கு சுல்மீராவின் நெஞ்சுக்குள்ளிருந்து ஊதியது. அவள் அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியேதான் இருந்தது. சத்தம் ஊரை ஒட்டி ஓடும் ஆவே ஆற்றின் அக்கரை வரை கேட்டது. மதியம் இரண்டுக்கும் இரவு பத்துக்கும், ஷிப்ட் மாறும் நேரம் தவறாமல், மறுபடி ஊதியது. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார்.

முப்பத்தோரு வருஷம் அந்த ஆலையில் சட்டைக் காலர் தைத்தவள் அவள். ஆர்டர்கள் முதலில் துருக்கிக்குப் போயின, பிறகு வங்கதேசத்துக்கு. கடைசியில் மெஷின்களும் லாரி ஏறின. உலக வியாபாரம் மாறியதால் வேலை இழந்தவர்களுக்கென்று பிரஸ்ஸல்ஸில் ஒரு நிதி இருக்கிறது, பயிற்சியும் உதவித்தொகையும் கிடைக்கும் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொன்னார்கள். வேலை போனதற்கு வியாபாரம்தான் காரணம் என்று நிரூபிக்கவே பதினாறு மாதம் ஆனது. அதற்குள் சாயப்பிரிவில் இருந்த அவள் கணவன் அபீலியோ கட்டட வேலைக்கு ஸ்விட்சர்லாந்து போய்விட்டான். நிதி வந்தாயிற்று, திரும்பி வா என்று அவள் போனில் கூப்பிட்டாள்.

“ஐம்பத்தேழு வயசுல என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்றியாடி?” என்றான். பிறகு, “இங்க எதுவும் ஊதறதில்ல. அங்க மணி ரெண்டாகப் போகுது, போனை நெஞ்சுகிட்ட வை” என்றான். வைத்தாள். முழுவதும் கேட்டுவிட்டுத் துண்டித்தான். அடுத்த வருஷம் போன் வருவதும் நின்றது. சூரிச்சில் ஒருத்தியோடு இருப்பதாகப் பின்னால் தெரிந்தது.

சுல்மீரா முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். மாதா கோயில் கூடத்தில் வகுப்பு, ஆலையில் வேலை பார்த்த முப்பத்தெட்டுப் பெண்கள். இரண்டு மணிக்கு அவள் நெஞ்சு ஊதியதும் அத்தனை பேரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, பூட்டிய ஆலை கேட் வரை நடந்து, சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். வகுப்பை விட்டு மூன்று முறை வெளியேறினால் உதவித்தொகை கிடையாது என்பது விதி. நான்காம் நாள் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கிராசா என்ற அதிகாரி வந்தாள்.

“வேணும்னே போறீங்களா?”

“கால் போகுது மேடம். கூடவே நாங்களும் போறோம்” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

சுல்மீரா எழுந்தாள். “என் பேரை அடிச்சிடுங்க மேடம். என்னால இவளுங்க சோத்துல மண்ணு விழ வேணாம்.”

“நீ வீட்டுல இருந்தா மட்டும் எங்களுக்குக் கேக்காதா? பேசாம உக்காருடி!” என்று பின்வரிசையிலிருந்து யாரோ அதட்டினார்கள்.

கிராசா வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு பாடத்திட்டத்தில், ‘இரண்டு முதல் இரண்டரை வரை நடைப்பயிற்சி’ என்று எழுதினாள். பிரஸ்ஸல்ஸில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இரண்டு வருஷத்தில் நிதி முடிந்தது. ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்களில் சிலர் பிரான்சுக்கு வீடு கூட்டப் போனார்கள். பலர் வேலையில்லாமல் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சுல்மீராவுக்கு மேட்டுத்தெரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே அவள் பொறுப்பில் விட்ட கிழவர், ஆலை கேட்டில் இருபத்தாறு வருஷம் வருகைக் கார்டு பார்த்து ஆட்களை உள்ளே விட்ட மேஸ்திரி தியோடோரோ. மகளுக்குக் காய்ச்சல் என்று நாலு நிமிஷம் பிந்தி வந்த சுல்மீராவை ஒரு ஜனவரி மழையில் திருப்பி அனுப்பியவர். இப்போது அவருக்குச் சொந்த மகனையே தெரியவில்லை. ஏழு மாதமாகப் படுக்கையை விட்டு எழவேயில்லை.

முதல் நாள் அவள் அவர் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மணி இரண்டானது. சங்கு ஊதியது. தியோடோரோ எழுந்தார். வெறுங்காலோடு வாசல்வரை நடந்து, குறுக்கே நின்று, அவளிடம் கை நீட்டினார்.

“கார்டு எங்க? எவ்வளவு லேட்டு?”

சுல்மீரா அவரைச் சுற்றி வாசலுக்கு வெளியே போய் நின்றாள். ஈரத்துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு நிமிஷம் சார்.”

அவர் யோசித்தார். வெளியே பார்த்தார்.

“சரி, உள்ள வா. மழையில நிக்காத.”

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனாள். அவரைப் படுக்கவைத்து, மற்ற பாதத்தையும் துடைத்தாள். மறுநாளிலிருந்து இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே, அவருடைய செருப்பைக் கட்டிலடியில் எடுத்து வைக்கும்படி இல்லத்து நர்ஸ் சொல்லிவிட்டாள். சங்கு ஊதியதும் அவர் எழுந்துவிடுவார், தரையோ சில்லென்றிருந்தது.