டொரன்டோ சசியின் முறை

எஹலியகொட பஸாரில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் முஹ்ஸினுக்கு வருஷத்தில் ஆறு வாரம் வேறோர் உத்தியோகம் உண்டு. சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

'கூடைக்கூட்டம்' என்றொரு இணையத்தளம். கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த தமிழர்கள் கூடிப் பேசுகிற இடம். ஒரு காலத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் வாட்ஸ்அப், பேஸ்புக் என்று கழன்றுபோக, எட்டுப் பேர் மட்டும் பிடிவாதமாக அங்கேயே கிடந்தார்கள். உலகத்தின் எல்லாக் காலத்து வீரர்களையும் அந்த எட்டுப் பேருக்கும் பங்கு வைப்பதுதான் முஹ்ஸினின் வேலை. ட்ராஃப்ட் என்பார்கள். பாடசாலை மைதானத்தில் இரண்டு கெப்டன்மார் நின்று 'எனக்கு இவன், உனக்கு அவன்' என்று ஆள் பிரிப்பார்களே, அதேதான். ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் தொட முடியாது. ஆடுகிறவன், ஓய்ந்தவன், செத்தவன் என்ற பேதமெல்லாம் இல்லை. பத்துச் சுற்று முடிந்ததும் யாருடைய அணி சிறந்தது என்று வோட்டுப் போட்டு, அடுத்த வருஷம் வரைக்கும் சண்டை பிடிப்பார்கள்.

"மௌத்தானவங்களையும் நிம்மதியாப் படுக்க வுட மாட்டீங்க போல" என்று அவன் மனைவி லதீபா சிரிப்பாள்.

சட்டத்தில் முஹ்ஸின் கறார். ஒருவருடைய முறை வந்தால் இருபத்துநாலு மணித்தியாலம். அதற்குள் பெயர் சொல்லாவிட்டால் மீதமிருப்பதில் ஒன்றை அவனே தலையில் கட்டிவிடுவான். லண்டன் நஜீபின் மனைவிக்குப் பிரசவ வலி கண்ட அன்றுகூட ஒரு மணித்தியாலம்தான் கூட்டிக் கொடுத்தான். பிள்ளை பிறந்துவிட்டது, நஜீபின் கோபம் இன்னும் போகவில்லை.

இவ்வளவு பாட்டையும் அவன் பட்டது ஒருவனுக்காக. அந்த எட்டுப் பேரில் 'டொரன்டோ சசி' என்று பெயர் போட்டுக்கொண்டவனுக்காக.

இருவரும் கஹவத்தையில் ஒன்றாகப் படித்தவர்கள். முஹ்ஸின் பஸார்ப் பிள்ளை, சசி ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. சசி ஆறடி இரண்டு அங்குலம். முஹ்ஸின் அவன் நெஞ்சுக்குத்தான் வருவான். குட்டையன் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க, நெட்டையன் கூடையில் போடுவான். அந்தப் பழக்கத்தில்தான் கனடாவுக்கும் சேர்ந்தே போவதாக இருந்தார்கள். ஏஜென்சிக்காரன் நாள் குறித்த வாரம் முஹ்ஸினின் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "நீ போ மச்சான். நான் பின்னால வாறன்" என்று அனுப்பிவைத்தான். பதினேழாம் நாள் கூடைக்கூட்டத்தில் சசி இரண்டே சொல் எழுதினான்: "வந்து சேந்துட்டேன்." நாற்பது பேர் வாழ்த்துப் போட்டார்கள். முஹ்ஸின் கடை வாசலில் நின்று அழுதான். சந்தோஷம் பாதி, மற்றப் பாதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

பின்னால் போகிற காலம் வரவேயில்லை. வாப்பா மௌத்தானார். லதீபாவைக் கட்டி எஹலியகொடைக்கு வந்து அவள் வீட்டு வியாபாரத்தில் உட்கார்ந்தான். பன்னிரண்டு வருஷம். ஆனால் நம்மில் ஒருவன் போய்விட்டான் என்ற நினைப்பு அவனுக்கு ஒரு பெரிய ஆறுதல். தினமும் சசியிடம் கேட்பான்: பனி எப்படி, மேட்ச் பார்க்கப் போனாயா, எத்தனையாவது வரிசை. சசியும் சலிக்காமல் எழுதுவான். உச்சி வரிசையில் இருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் அரிசி மணி அளவுதான் தெரிவார்கள் என்பான். வெளியே வந்தால் காது உறைந்துவிடும் என்பான். முஹ்ஸின் ஷீட் நிறுத்துக்கொண்டே காதைத் தடவிப் பார்ப்பான்.

போனில் பேசுவோம் என்றால் மட்டும் சசி நழுவுவான். பேக்கரியில் இரவு வேலை, பகலில் தூக்கம், எழுதுவதுதான் வசதி என்பான். படம் கேட்டால் ஆட்ட மண்டபத்தின் படம் வரும். அதில் சசி இருக்க மாட்டான். முஹ்ஸின் கேட்பதை விட்டுவிட்டான். நம்ப விரும்புகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அன்பு என்பதை இந்த ட்ராஃப்டிலும் காட்டலாம். நோன்பு பிடித்துக்கொண்டே ஆடிய ஹகீம் ஒலாஜுவான் என்றால் முஹ்ஸினுக்கு உயிர். குலுக்கலில் சசிக்கு எத்தனை முன்னால் இடம் விழுந்தாலும் ஹகீமைத் தொடமாட்டான். விட்டுவைப்பான். முஹ்ஸினின் முறை வரும்வரை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று அவனும் சேர்ந்து பதறுவான்.

இந்த வருஷ ட்ராஃப்ட் மே மாதம் தொடங்கியது. மூன்றாம் சுற்றில், ஒரு திங்கட்கிழமை காலை, சசியின் முறை வந்தது.

காலை என்றால் முஹ்ஸினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கலவானைப் பக்கம் ஷீட் சேர்த்துக் கொடுப்பவன் லதீபாவின் தம்பி நுஹ்மான். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளில் லொறி அனுப்பிப் பிரயோசனமில்லை. அதனால் தினமும் விடிந்ததும் "வெட்டு ஈக்கு" அல்லது "மழை, வெட்டு இல்ல" என்று நுஹ்மான் குரல் அனுப்புவான்; முஹ்ஸின் அதைப் போனில் தேதி போட்டுக் குறித்துவைப்பான்.

அந்தத் திங்கட்கிழமை நுஹ்மானிடமிருந்து சத்தமே இல்லை. கலவானை ரோட்டில் வெள்ளம், கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். டொரன்டோவிலிருந்தும் சத்தம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை இருபத்துநாலு மணித்தியாலம் முடிந்தது. லண்டன் நஜீப் காத்திருந்தவன் மாதிரிப் பாய்ந்தான். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே? தள்ளிட்டு அடுத்த ஆளக் கூப்பிடு." முஹ்ஸின் கொஞ்சம் பொறுங்கள் என்று எழுதினான். பின்னேரம் மறுபடியும் எழுதினான். மற்ற ஆறு பேரும் சேர்ந்து கேட்டபோது, இது என்னுடைய ட்ராஃப்ட், இஷ்டமில்லாதவர்கள் போகலாம் என்று எழுதிவிட்டு, எழுதியதற்காக வெட்கப்பட்டான். சசி இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. 

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்க நுஹ்மானின் குரல் வந்தது. "மச்சான், இப்பதான் சிக்னல் வந்த. பாலம் இன்னம் தண்ணிக்குள்ள. வெட்டு இல்ல." ஏழு ஐந்துக்கு சசியின் பதிவு வந்தது. "மன்னிக்கணும் மக்களே. பேக்கரியில ரெண்டு ஷிஃப்ட்." இந்த வருஷமும் அவன் விட்டுவைத்த ஹகீமை முதற் சுற்றிலேயே முஹ்ஸின் எடுத்திருந்தான்.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னான் முஹ்ஸின். சொன்ன வாய் மூடுவதற்குள் அவன் கண் செய்திகள் வந்த நேரத்தில் போய் நின்றது: ஆறு ஐம்பத்தைந்து, ஏழு ஐந்து. இரண்டு செய்திகளும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

ட்ராஃப்ட் நடத்துபவனிடம் எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கும். யார், யாரை, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று மூன்று வருஷத்துத் தாள் அவனிடம் இருந்தது. அதைத் திறந்து, பக்கத்தில் நுஹ்மானின் மழைக் குறிப்பை வைத்தான். கலவானையில் மழை பெய்த நாளில் சசி காலை ஏழு மணிக்கே பெயர் சொல்லியிருந்தான். வெட்டு நடந்த நாளில் பின்னேரம் இரண்டு மணிக்கு முன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மூன்று வருஷத்திலும் ஒரு நாள் தப்பவில்லை.

நுஹ்மானைக் கூப்பிட்டு, கஹவத்தைப் பக்கத்து ஆள், ரொம்ப உயரம், அங்கே யாராவது உண்டா என்று கேட்டான்.

"நெட்ட சசியா? இஞ்ச பக்கத்துத் தோட்டத்திலதான் பால் வெட்டுறான். பொண்சாதி ஊரோட ஈக்கிறான். ஏன், ஏதும் ஷீட் களவா?"

"ஒண்டும் இல்ல" என்று வைத்துவிட்டான்.

முதலில் வந்தது கோபம்தான். தன்னை இத்தனை வருஷம் முட்டாளாக்கிவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. மூன்று மணித்தியால பஸ் தூரத்தில் அவன் இருக்கிறான் என்பதுதான் திரும்பத் திரும்ப நெஞ்சில் வந்து நின்றது.

வெள்ளம் வடிந்து பஸ் ஓடத் தொடங்கிய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகையையும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடியவே புறப்பட்டான். நல்ல வெயில். இரத்தினபுரியில் பஸ் மாறி, கலவானையில் நுஹ்மானின் மோட்டார்சைக்கிளை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போகும்போது பதினொரு மணி. பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் வரிசை நின்றது. தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய தலைக்கும் மேலே ஒரு தலை. நரைத்திருந்தது.

சசியும் கண்டுவிட்டான். ஓடவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. இரண்டு கையிலும் வாளியோடு வரிசையில் நகர்ந்து, பாலை நிறுத்து, பெயர் பதிகிற மாத்தயாவிடம் தலையாட்டிவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எப்ப வந்த?"

"இப்பதான்."

முஹ்ஸின் அவனை இறுக்கிக் கட்டிப்பிடித்தான். முகம் பழையபடி நெஞ்சில்தான் பட்டது. ரப்பர் பாலின் புளித்த வாடை. "மேலெல்லாம் பால்டா, சட்டை வீணாப்போகும்" என்று சசி விலகப் பார்த்தான். முஹ்ஸின் விடவில்லை.

லயத்து வீடுகளுக்குப் போகிற பாதை மதகில் உட்கார்ந்தார்கள். சசியின் மனைவி கிருஷ்ணகுமாரி பிளேன்டீ கொண்டுவந்தாள். "நீங்கதானே முஹ்ஸின் நானா? மழ பேஞ்சா போதும், இவரு எங்களோட இல்ல, உங்களோடதான்" என்று சிரித்தாள். சசி தலையைத் தூக்கவில்லை. அவள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பேங்கொக்ல நின்னுக்கிட்டுதான் வந்து சேந்துட்டேன்னு எழுதுனேன்" என்றான் சசி. "ரெண்டு நாள்ல ஏத்திருவோம்னு ஏஜென்சிக்காரன் சொன்னான். முந்தியே போட்டுட்டேன். மறுநா புடிச்சிட்டாங்க. பதினாலு மாசம் உள்ள வச்சித்தான் திருப்பி அனுப்புனாங்க. அங்க ஒரு காவக்காரன் இரக்கப்பட்டு எப்பவாச்சும் போனு குடுப்பான். தொறந்து பாத்தா நீ கேட்டிருப்ப. பனியா இருக்கா, மேட்ச் போனியான்னு. என்னா எழுதுறது?"

"எனக்கு மட்டுமாவது சொல்லீக்கலாமே மச்சான்."

"உனக்குத்தான் சொல்ல முடியல." சசி குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நீ கேக்க கேக்க நான் தேடிப் படிப்பேன். எந்த ரோட்டுல எறங்கணும், எந்த வாசல்ல போகணும்னு. ராவெல்லாம் படிச்சு உனக்கு எழுதுவேன். எழுதறப்ப நானும் அங்கதான்டா இருப்பேன். அனுப்பிட்டுத் திரும்புனா லயம்." குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அங்க என்னா இருக்குன்னு தெனம் கேட்ட. பன்னெண்டு வருசத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எப்ப ஊருக்கு வர்றன்னு கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

உண்மைதான். கேட்டதில்லை. சசி திரும்பி வருவதை முஹ்ஸின் ஒரு நாளும் விரும்பியதில்லை. வந்துவிட்டால் இருவரில் ஒருவரும் போகவில்லை என்று ஆகிவிடும். அந்த எண்ணத்தைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"வீட்டுக்கு வா மச்சான். லதீபா ஆக்கித் தருவா. புள்ளைகளையும் கூட்டிட்டு வா."

"வர்றேன்" என்றான் சசி. வரமாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்கிற குரல் அது. பிறகு, சிறுபிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டான்: "நாலாவது சுற்றுல அடுத்து நாந்தானே? இனி நான் எங்கேருந்து வெளையாடுறது, நீயே சொல்லு."

ட்ராஃப்டில் எந்தக் கேள்விக்கும் சட்டம் வைத்திருந்த முஹ்ஸின், ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். சசி பாதை முனைவரைக்கும் கூடவே நடந்து வந்தான்.

இரண்டரை மணிக்கு இரத்தினபுரி பஸ் நிவிதிகலையைத் தாண்டும்போது போன் அசைந்தது. கூடைக்கூட்டத்தில் டொரன்டோ சசி தன் நாலாம் பெயரைச் சொல்லியிருந்தான். கீழே ஒரு வரி: "இங்க விடியப்போகுது மக்களே. லேசாக் குளிர்." அதற்குள் நஜீப் கீழே வந்து, கனடாக்காரனுக்கு என்ன குறை என்று கிண்டல் எழுதிவிட்டான்.

முஹ்ஸினின் சட்டையில் சசியின் வாடை அப்படியே இருந்தது. சற்றுமுன் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவனை அவன் மனம் தேடிய தேட்டம், பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தேடாத தேட்டம். எத்தனை வரிசை, எத்தனை பனி என்று கேட்டே பழகிய விரல் திரைக்கு மேலே வெகுநேரம் நின்றது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணில் தூசியா என்று சிங்களத்தில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். பிறகு, எட்டுப் பேரும் பார்க்கும்படி அங்கேயே எழுதினான்.

"எப்ப மச்சான் ஊருக்கு வாறாய்?"